சுழல்காற்றின் தடம் தேடியவர்

தெட்சுயா ஃபுஜித்தா 1920ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் ஜப்பானின் கியூஷு தீவில் பிறந்தார். பொறியியல் கற்ற அவர், கொக்குரா நகருக்கு அருகிலிருந்த கல்லூரி ஒன்றில் ஆசிரியராகப் பணியாற்றினார்.

1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள், கொக்குராமீது அணுகுண்டு வீச அமெரிக்க விமானம் ஒன்று வந்தது. மேகமும் புகையும் நகரை மறைத்திருந்ததால், அக்குண்டு நாகசாக்கிமீது வீசப்பட்டது. உயிர் தப்பிய ஃபுஜித்தா, பின்னர் நாகசாக்கிக்கும் ஹிரோஷிமாவுக்கும் சென்று அழிவை ஆராய்ந்தார். குண்டு வெடித்த இடத்திற்கு நேர் கீழே சில மரங்கள் நின்றுகொண்டிருந்தன. சுற்றிலும் இருந்தவையோ வெளிநோக்கிச் சாய்ந்து கிடந்தன. அக்காட்சி அவர் மனத்தில் ஆழப் பதிந்தது.

இடிமழை பற்றிய அவரது ஆய்வு சிகாகோ பல்கலைக்கழகத்தின் கவனத்தை ஈர்த்தது. அழைப்பை ஏற்று, 1953இல் அவர் அமெரிக்கா சென்றார்.

அமெரிக்கச் சமவெளிகளில் டோர்னாடோ எனப்படும் சுழல்காற்று அடிக்கடி வீசும். 1957ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் அது ஃபார்கோ நகரைத் தாக்கியது. பொதுமக்கள் எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை ஃபுஜித்தா திரட்டினார். ஒவ்வொரு படமும் எங்கிருந்து, எந்நேரத்தில் எடுக்கப்பட்டது என்பதைக் கணக்கிட்டு, அவற்றை வரிசைப்படுத்தினார். சுழல்காற்றுக்கு மேலிருந்த பெரும் மேகமும் சுழன்றது அதனால் தெளிவாயிற்று. அம்மேகத்தின் அடியில் தாழ்ந்து தொங்கும் பகுதிக்கு அவர் சூட்டிய சுவர்மேகம் என்னும் பெயர் இன்றும் வழக்கில் உள்ளது.

1971இல், சேதத்தைக் கொண்டு சுழல்காற்றின் வலிமையை மதிப்பிடும் அளவுகோலை அவர் உருவாக்கினார். 1974ஆம் ஆண்டு ஏப்ரலில் இரண்டே நாளில் 148 சுழல்காற்றுகள் வீசின. சிறு விமானத்தில் பறந்து, அழிவின் தடங்களை அவர் படமெடுத்தார். சில இடங்களில் மரங்கள் சுழன்று விழாமல், ஒரு மையத்திலிருந்து வெளிநோக்கி விழுந்திருந்தன. அணுகுண்டு வீழ்ந்த நகரங்களில் கண்ட காட்சி அவர் நினைவுக்கு வந்தது. மேகத்திலிருந்து காற்று வேகமாகக் கீழிறங்கித் தரையில் மோதிச் சிதறியிருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

1975இல் நியூயார்க்கில் தரையிறங்கும்போது ஒரு விமானம் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கும் இத்தகைய காற்றே காரணம் என அவர் விளக்கினார். அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. அவர் மனம் தளராமல் 1978இல் ரேடார் கருவிகளைக் கொண்டு தம் கருத்தை மெய்ப்பித்தார். அதன் பயனாக விமானிகள் புதிய பயிற்சி பெற்றனர். விமான நிலையங்களில் எச்சரிக்கைக் கருவிகளும் பொருத்தப்பட்டன.

இத்தனை ஆண்டுகள் சுழல்காற்றை ஆராய்ந்தவர், அதனை நேரில் முதன்முதலாகக் கண்டது 1982இல்தான். அப்போது அவருக்கு வயது 61. 1998ஆம் ஆண்டு அவர் மறைந்தார். சுழல்காற்றை அளக்கும் அளவுகோல், சில திருத்தங்களுடன், இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.