மலேயா சம்பளத்தை விட்டு வந்த பத்தமடை டாக்டர்

பத்தமடைன்னா நமக்குப் பாய்தான் ஞாபகம் வரும். யோகா குரு சுவாமி சிவானந்தரும் அந்த ஊர்தான். 1887-ல் பிறந்த குப்புசுவாமி, மருத்துவம் படிச்சு 1913-ல் மலேயா போனார். பத்து வருஷம் தோட்டத் தொழிலாளர்களுக்கு வைத்தியம், நல்ல சம்பளம். என் வயசுல அவர் அங்கதான் இருந்திருக்கார்!

1923-ல் எல்லாத்தையும் விட்டுட்டுக் கிளம்பிட்டார். அடுத்த வருஷம் ரிஷிகேஷில் துறவு. வைத்தியத்தை மட்டும் விடல. கங்கைக்கரையில் சாதுக்களுக்கும் யாத்ரீகர்களுக்கும் இலவசமா மருந்து கொடுத்தார். பாழடைஞ்ச மாட்டுக்கொட்டகையில் தங்கித்தான் ஆசிரமத்தையே ஆரம்பிச்சார். 1936-ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம். யோகாவை மேல்நாட்டுக்குக் கொண்டுபோன விஷ்ணுதேவானந்தர், கோயம்புத்தூர் பக்கத்துச் சச்சிதானந்தர் எல்லாம் இவர் சீடர்கள். 1963-ல் சமாதி.

எனக்கு இப்ப ஆன்சைட் வாய்ப்பு வந்திருக்கு. அப்பாவுக்கு உடம்பு சரியில்ல. மெயிலுக்கு இன்னும் பதில் போடல.