டாக்டர்களுக்கு வழிகாட்டிய தாமஸ்!

நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ற டாக்டருக்குப் பின்னாடி, ஸ்டூல் மேல நின்னு ஒருத்தர் வழி சொல்றார். அவர்கிட்ட மருத்துவப் பட்டமே இல்லைனா நம்புவீங்களா?

1944, நவம்பர் 29. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. உடம்பு நீலம் பாய்ந்த குழந்தைக்கு டாக்டர் பிளாலாக் ஆபரேஷன் செய்ய, பின்னால் நின்றவர் விவியன் தாமஸ். கறுப்பினத்தவர்.

தச்சு வேலை பார்த்துப் படிப்புக்காகச் சேர்த்த காசு, பொருளாதார வீழ்ச்சியில் பேங்க்கோடு போச்சு. 1930-ல் பிளாலாக்கின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அந்த ஆபரேஷனை நாய்களுக்குப் பலமுறை செஞ்சு பழகியவர் தாமஸ்தான். ஆனா, ஆரம்ப வருஷங்கள்ல சம்பளக் கணக்கில் அவர் துப்புரவுப் பணியாளர்!

1976-ல் ஹாப்கின்ஸ் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அதுவும் மருத்துவத்தில் இல்லை, சட்டத்தில்!

திறமை இருந்தா போதும்னு யாராவது சொன்னா, 1985-ல் மறைந்த இந்த மனுஷனோட கதையைச் சொல்லுங்க.