தாமஸ் பிரான்சிஸ்

1918-ஆம் ஆண்டில் இன்புளூயன்சா என்னும் காய்ச்சல் உலகமெங்கும் பரவியது. பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக நம் நாட்டினுள் புகுந்த அந்நோய், சில திங்களுக்குள் ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்களை வாரிக்கொண்டு போயிற்று. அதற்கு மருந்தும் இல்லை. அதனை விளைவிப்பது யாதென அறிந்தாரும் இல்லை. பின்னாளில் அந்நோயுடன் வாழ்நாள் முழுதும் பொருத தாமஸ் பிரான்சிஸ், அப்பொழுது பதினெட்டு வயது நிரம்பிய இளைஞராக இருந்தார்.

அவர் 1900-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் இந்தியானா மாநிலத்திலுள்ள காஸ் சிட்டி என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் வேல்ஸ் நாட்டினின்று குடியேறியவர். எஃகு ஆலையில் உழைத்தவர். குடும்பத்தில் செல்வம் இல்லை. ஆயினும் கல்வியின்பால் வேட்கை இருந்தது. தாமஸ் யேல் பல்கலைக் கழகத்தில் பயின்று 1925-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றபின் நியூயார்க்கிலிருந்த ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, நுரையீரல் அழற்சி நோயை ஆராயத் தலைப்பட்டார்.

1933-இல் இலண்டன் அறிஞர் மூவர், இன்புளூயன்சாவை விளைவிப்பது வைரஸ் என்னும் மிக நுண்ணிய பொருளே எனப் பெரட் என்னும் சிறு விலங்கைக் கொண்டு நிறுவினர். அடுத்த ஆண்டே பிரான்சிஸ் அவ்வைரஸை அமெரிக்காவில் பிரித்தெடுத்துக் காட்டினார். 1940-இல் அதனின் வேறாகிய மற்றோர் இனத்தையும் கண்டறிந்தார். முன்னதற்கு 'ஏ' என்றும் பின்னதற்கு 'பி' என்றும் பெயர் வழங்கலாயிற்று. பகைவன் ஒருவன் அல்லன் என்பது அன்றே புலனாயிற்று.

1941-இல் அவர் மிச்சிகன் பல்கலைக் கழகத்திற்கு அழைக்கப்பெற்று ஆன் ஆர்பர் நகரில் குடியேறினார். அப்பொழுது இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்தது. 1918-இல் படைவீடுகளில் மாண்டோரை எண்ணி அஞ்சிய அமெரிக்க இராணுவம், இன்புளூயன்சாவைத் தடுக்கும் வழி காணுமாறு ஒரு குழுவை நிறுவி, அதன் தலைமையை அவரிடம் ஒப்படைத்தது. பின்னாளில் இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்தால் புகழ் எய்திய ஜோனாஸ் சால்க் 1942-இல் அவரிடம் மாணவராக வந்து சேர்ந்தார்.

கருவுற்ற கோழிமுட்டையினுள் வைரஸை வளர்த்து, மருந்திட்டு அதன் உயிர்ப்பைப் போக்கி, தூய்மை செய்து ஊசிவழி உடலிற் செலுத்துவதே அவர்கள் கண்ட முறை. வலியிழந்த அப்பகைவனைக் கண்டு பழகிய உடல், எதிர்ப்பொருள்களை ஆக்கிச் சேமித்துக்கொள்ளும். 1943-ஆம் ஆண்டின் இறுதியில், பல்கலைக் கழகங்களிற் பயிற்சி பெற்றுவந்த படைவீரர் ஏறத்தாழ 12,500 பேரிடம் அதனைச் சோதித்தனர். ஒரு பாதியினர்க்குத் தடுப்பு மருந்தும், மறு பாதியினர்க்கு வைரஸ் இல்லாத நீர்மமும் செலுத்தப்பட்டன. சோதனை தொடங்கிய சின்னாட்களில் காய்ச்சலும் வந்தது. மருந்து பெறாதவருள் நூற்றுக்கு எழுவர் படுக்கையில் வீழ்ந்தனர். மருந்து பெற்றவருள் நூற்றுக்கு இருவரே வீழ்ந்தனர். ஊசி மருந்தால் இன்புளூயன்சாவைத் தடுக்கலாம் என்பதற்கு இதுவே முதற் பெருஞ் சான்று. 1947-இல் லாஸ்கர் பரிசு அவரைத் தேடி வந்தது.

ஆயின் அதே 1947-ஆம் ஆண்டில் அவருடைய மருந்து தோற்றது. மிச்சிகன் பல்கலைக் கழக மாணவர் பதினாயிரவர்க்கு மேற்பட்டோர் ஊசி பெற்றிருந்தனர். இளவேனிற் காலத்தில் காய்ச்சல் பரவியபொழுது, ஊசி பெற்றாருள்ளும் பெறாதாருள்ளும் நூற்றுக்கு எழுவர் எண்மர் என்னும் அளவில் ஏறத்தாழ ஒரு தன்மையாகவே நோயுற்றனர். மருந்தைக் குறை கூறியோர் உண்டு. பிரான்சிஸ் அத்தோல்வியை மறைத்தாரல்லர். கணக்கனைத்தையும் தாமே அச்சிட்டு வெளியிட்டு, அதன் காரணத்தை ஆராயப் புகுந்தார். வெற்றியை வெளியிடுவோர் பலர். தோல்வியின் கணக்கை இவ்வளவு செவ்வையாக எழுதி வைத்தோர் சிலரே.

காரணம் இதுதான். திண்டுக்கல்லிற் செய்யப்படும் பூட்டை மாணவர் அறிவர். அதன் உள்ளே நெம்புகோல்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றன் வெட்டு மாறினும் பழைய திறவுகோல் உள்ளே நுழையும், ஆனால் திரும்பாது. பூட்டைப் புறத்தே நோக்குவார்க்கு வேறுபாடு தோன்றாது. இன்புளூயன்சா வைரஸும் தன் மேற்பரப்பின் அமைப்பைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. 1943-இன் வைரஸுக்கு உடல் செய்துவைத்த திறவுகோல் 1947-இன் வைரஸுக்குப் பொருந்தவில்லை. அம்மைக்குப் போட்ட ஊசி நெடுங்காலம் காக்கும். இதற்கோ ஆண்டுதோறும் புதுத் திறவுகோல் வேண்டும். இவ்வுண்மை புலனானபின், உலகின் பல நாடுகளிலும் வைரஸின் மாற்றத்தைக் கண்காணிக்கும் ஆய்வகங்கள் 1952 முதல் உலக நல நிறுவனத்தின்கீழ் ஒன்றுபட்டுப் பணிபுரியலாயின. இன்றும் ஆண்டுக்கு இருமுறை அறிஞர் கூடி, அடுத்து வரும் பருவத்திற்குரிய வைரஸ் வகைகளைத் தேர்ந்து அறிவிக்கின்றனர். ஊசி போட்டுக்கொள்ளும் காலமும் இடத்திற்கேற்ப வேறுபடும். குளிர் நாடுகளில் பனிக்காலத்துக்கு முன் போடுவர். தமிழகத்திலோ வடகிழக்குப் பருவமழையை ஒட்டி இந்நோய் மிகுவதால், மழைக்கு முன்னரே போட்டுக்கொள்வது பயன் தரும்.

1954-இல் சால்க் கண்ட மருந்தைப் பதினெட்டு இலட்சம் சிறுவரிடையே நிகழ்ந்த சோதனையில் மதிப்பிடும் பொறுப்பும் பிரான்சிஸுக்கே வந்தது. 1955 ஏப்ரல் 12-ஆம் நாள் அவர் அதன் முடிவை அறிவித்தார். அதனை உலகம் நன்கறியும். அதற்கு இணையான அவருடைய வேறொரு பணியை அறிந்தோர் குறைவு.

அவரும் அவர்தம் துணைவரும் பல வயதினரின் குருதியை எடுத்து ஒப்பிட்டனர். ஒருவர் குழந்தைப் பருவத்தில் முதன்முதலாக எவ்வகை இன்புளூயன்சாவுக்கு ஆளானாரோ, அவ்வகைக்குரிய எதிர்ப்பொருளே முதுமையிலும் அவர் குருதியில் மேலோங்கி நிற்கக் கண்டனர். புதுப்பூட்டு ஒன்றைக் கொடுத்தாலும், கொத்திலுள்ள முதற்சாவியையே பாட்டனார் எடுத்து நுழைப்பது போன்றது இது. அக்கருத்தைப் பிரான்சிஸ் 1960-இல் விரிவாக எழுதினார்.

இதற்கிடையே 1957-இல் முற்றிலும் புதிய வைரஸ் ஒன்று கிழக்காசியாவில் தோன்றிற்று. சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலின் வாயிலாக அது மே திங்களில் சென்னையை அடைந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரிக்குள் இந்தியாவில் 44 இலட்சத்திற்கு மேற்பட்டோர் நோயுற்றதாகக் கணக்கிடப்பட்டது. குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் இருந்த இன்புளூயன்சா ஆய்வு மையம் அந்நோயை ஆராய்ந்தது. அவ்வைரஸ் தோன்றுமுன் எடுத்த குருதியிலேயே, எழுபது வயது கடந்த சிலரிடம் அதற்குரிய எதிர்ப்பொருள் இருந்ததை ஹாலந்து அறிஞர் கண்டு வியந்தனர். 1889-இல் பரவிய காய்ச்சலின் நினைவு அம்முதியோர் குருதியில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அழியாதிருந்தது போலும்.

எனினும் இத்தகைய பழம்பொருள் எக்காலத்தும் கைகொடுப்பதில்லை. 1918-இல் இளைஞரே மிகுதியாக மாண்டனர். ஏனைய ஆண்டுகளில் இன்புளூயன்சாவால் மடிவோருள் பெரும்பாலோர் முதியோரே. இதனைக் கண்ட அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி, 65 வயது நிறைந்தோர் ஆண்டுதோறும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமென 1960-இல் அறிவித்தார். ஆனால் இங்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. யாருக்கு மருந்து மிகவும் வேண்டுமோ, அவருடைய தளர்ந்த உடலே அம்மருந்தை ஏற்று எதிர்ப்பொருளை ஆக்குவதிற் பின்தங்குகிறது. இது கருதியே, இக்காலத்தில் முதியோர்க்கென நான்கு மடங்கு செறிவுடைய மருந்தும், உடலின் எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருள் கலந்த மருந்தும் செய்யப்படுகின்றன. அவை இல்லாத அக்காலத்தில் முதியோரைக் காப்பது எங்ஙனம்?

மிச்சிகன் மாநிலத்தில் டெகம்சே என்பது ஒரு சிற்றூர். அங்கு வாழ்வார் அனைவரின் உடல்நலத்தையும் குடும்பம் குடும்பமாக நெடுங்காலம் ஆராயும் பெருமுயற்சியைப் பிரான்சிஸ் தொடங்கியிருந்தார். 1968-இல் ஹாங்காங் காய்ச்சல் அமெரிக்காவை அணுகியபொழுது, அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகளுள் நூற்றுக்கு எண்பத்தைவர்க்கு ஊசி போடப்பட்டது. முதியோர்க்கெனத் தனியே ஒன்றும் செய்யவில்லை. காய்ச்சலைப் பள்ளியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவோர் பிள்ளைகளே ஆதலின், அவ்வாயிலை அடைத்துப் பார்த்தனர். அண்டை ஊராகிய ஏட்ரியனில் அவ்வாறு செய்யவில்லை. காய்ச்சல் ஓய்ந்தபின் கணக்கிட்டனர். ஏட்ரியனில் நேர்ந்த நோயில் டெகம்சேயில் நேர்ந்தது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஊசி பெற்ற சிறுவர் மட்டுமன்றி, ஊசியே பெறாத பெரியோரும் அதனாற் காக்கப்பட்டிருந்தனர்.

அம்முடிவைக் கூறும் கட்டுரை, ஆய்வில் ஈடுபட்ட நால்வர் பெயரோடு 1969-இல் வெளிவந்தது. நான்காவதாக நின்றது பிரான்சிஸின் பெயர். அவர் அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள் ஆன் ஆர்பர் நகரில் இயற்கை எய்தினார்.