உயிர் காத்த வளையம்

ஒட்டோ லிலியென்தால் என்றதும் பலருக்கும் அவருடைய சிறகுகளே நினைவுக்கு வரும். எனக்கோ ஒரு மர வளையம் நினைவுக்கு வருகிறது.

1848இல் ஜேர்மனியின் அங்க்லாம் நகரில் பிறந்த அவர், தம்பி குஸ்தாவுடன் நாரைகள் பறப்பதைப் பார்த்து வளர்ந்தார். பொறியியலாளராகிப் பேர்லினில் தொழிற்சாலை நிறுவினார். வெடிக்கும் ஆபத்துக் குறைந்த கொதிகலன்களைச் செய்தார். 1891 முதல் இயந்திரமற்ற கிளைடர்களில் குன்றுகளிலிருந்து பறக்கத் தொடங்கினார். கைகளை ஊன்றித் தொங்கியபடி, உடலை அசைத்தே சமநிலை காத்தார். 2,000 தடவைக்கு மேல் அப்படிப் பறந்தார்.

விழுந்தால் அடியைத் தாங்குவதற்காக, கிளைடரின் முன்புறத்தில் வில்லோ மரக்கொம்பை வளைத்துப் பொருத்தினார். 1894இல் அவர் விழுந்தபோது வளையம் நொறுங்கியது, அவர் பிழைத்தார்.

1896 ஆகஸ்ட் 9ஆம் திகதி, ஸ்டொல்ன் கிராமத்தருகே கிளைடர் காற்றில் நிலைகுலைந்து விழுந்தது. மறுநாள், 48 வயதில், அவர் காலமானார். அச்செய்தி அமெரிக்காவின் ரைட் சகோதரர்களைச் சிந்திக்க வைத்தது. இயந்திரத்தைப் பொருத்துமுன், விமானத்தைக் கட்டுப்படுத்தும் வழியை அவர்கள் கிளைடர்களில் தேடினர்.

இன்று ஒரு கிளைடர் வகையில் ஆபத்தான குறை தெரிந்தால், அதைத் திருத்தும்படி விமானப் போக்குவரத்து அதிகாரசபை கட்டளையிடும். திருத்தாமல் பறக்க அனுமதியில்லை. லிலியென்தாலுக்கோ கட்டளையிட எவரும் இருக்கவில்லை. அவர் தாமாகவே அந்த வளையத்தைப் பொருத்தினார். துணிந்தவருக்கும் எச்சரிக்கை அழகே என்பதை நான் அவரிடமே கற்றேன்.