கணக்கு ஒப்புவிக்க ஓர் இடம்

கோவை அவிநாசி சாலையில் காலை நடைக்குச் செல்லும் நாள்களில் ஸ்டேன்ஸ் பள்ளியைக் கடந்து செல்வது என் வழக்கம். பள்ளி, நூற்பாலை, காப்பி எனப் பல வழிகளில் இவ்வூரார்க்குப் பழகிய பெயர் அது. அப்பெயருக்கு உரிய மனிதரைக் குறித்து நான் ஆழ்ந்து எண்ணத் தொடங்கியது, ஒரு துக்க வீட்டிலிருந்து திரும்பிய நாளில்தான்.

மறைந்தவர் என் இளமைக்கால நண்பர். கணபதிப் பகுதியில் சிறிய வார்ப்படப் பட்டறை நடத்தியவர். திடீரென வந்த மாரடைப்பு அவரைக் கொண்டுபோயிற்று. காரியங்கள் முடிந்த பிறகே, ஈராண்டுகளாக அவர் வட்டிக்குக் கடன் வாங்கித் தொழிலாளர்க்கு ஊதியம் கொடுத்து வந்தது வீட்டாருக்குத் தெரிந்தது. ஞாயிறுதோறும் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காப்பி அருந்தியவர் அவர். என்னிடமும் ஒரு சொல் சொன்னதில்லை. இடரை ஏற்பதற்குக் கிடைக்கும் பலனே இலாபம் என்று முப்பது ஆண்டுகள் பொருளியல் கற்பித்தவன் நான். இடரை ஏற்பவர் உறக்கம் வராத இரவில் யாரிடம் பேசுவார் என்ற கேள்வி எந்தப் பாடத்திட்டத்திலும் இருந்ததில்லை. அக்கேள்வியை மனத்தில் கொண்டே சர் ராபர்ட் ஸ்டேன்ஸின் வாழ்க்கையை மீண்டும் படித்தேன்.

1841இல் இங்கிலாந்தில் பிறந்த ஸ்டேன்ஸ், 1858இல் கோவைக்கு வந்தார். நீலகிரியில் உடன்பிறந்தார் மேற்கொண்டிருந்த காப்பித் தோட்ட முயற்சியில் துணைநிற்பதே வருகையின் நோக்கம். வயது ஏறத்தாழ பதினேழு. அப்போது கோவைக்கு இருப்புப்பாதை வரவில்லை. இன்று நாம் பெருமையோடு பேசும் சிறுவாணிக் குடிநீரும் இல்லை. தாய்நாட்டிலிருந்து ஒரு மறுமொழி வருவதற்கே மாதங்கள் கழிந்த காலம் அது.

1861இல் அவர் காப்பி பதனிடும் தொழிலைக் கோவையில் தொடங்கினார். மலையின் ஈரக்காற்றில் காப்பிக்கொட்டை சரியாக உலராது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவைச் சமவெளியின் வறண்ட வெயில் அதற்கு ஏற்றது. மலையிலிருந்து தோலோடு இறங்கிவரும் கொட்டையை இங்கே உலர்த்தி, தோல் நீக்கி, தரம் பிரித்து, மூட்டை கட்டிக் கப்பலுக்கு அனுப்ப வேண்டும். கேட்பதற்கு எளிய தொழில்தான். ஆனால் பொருள் விளைவது மலையில். விலை முடிவாவது இலண்டனில். இடையிலே கூலியும் வண்டி வாடகையும் கொடுத்துக் காத்திருப்பவர் கோவையில். மழை, நோய், விலை ஆகிய எதுவும் அவர் கையில் இல்லை. பொறுப்பு முழுவதும் அவர் தோளில்.

இத்தகைய நிலையில் இருபது வயதைக் கடந்திருந்த அந்த இளைஞர் அடுத்த ஆண்டிலேயே செய்த செயல்தான் என்னை நிறுத்தி வைத்தது. 1862இல் அவர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். தொழில் தழைத்து, செல்வம் சேர்ந்து, முதுமையில் புகழுக்காக அறம் செய்வோரை நாம் அறிவோம். கையூன்றி நிற்கத் தொடங்கிய ஓராண்டுக்குள் பள்ளியை நினைத்தவர் இவர். அதற்கு அவருடைய ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்று ஒரு பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. அக்காலப் பள்ளி ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காகவே எழுந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆளும் இனத்தவர் என்ற வசதி அவருக்கு இருந்தது. அந்த வசதியே அவரைச் சுற்றி ஒரு வேலியாகவும் நின்றிருக்கும்.

அடுத்த முப்பது ஆண்டுகள் எளிதானவை அல்ல. 1869இல் இலங்கையில் தோன்றிய காப்பி இலைத்துரு நோய் தென்னிந்தியத் தோட்டங்களுக்கும் பரவியது. இலங்கையில் காப்பியே அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும்பஞ்சம் கோவை மாவட்டத்தையும் விட்டு வைக்கவில்லை. இவற்றுக்குப் பின், 1888இல், கோவையின் முதல் நவீன நூற்பாலையை ஸ்டேன்ஸ் முன்னின்று நிறுவினார். பைக்காரா மின்சாரம் வந்து ஆலைகள் பெருகியது 1930களில். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன், நீராவி இயந்திரத்தையும் கொங்குக் கரிசல் பருத்தியையும் நம்பி எடுத்த முடிவு இது. பக்கத்தில் வேறோர் ஆலை இல்லை. அனுபவம் கேட்பதற்கு உள்ளூரில் வேறோர் ஆலை முதலாளியும் இல்லை. முதலாவதாகச் செல்பவரின் தனிமை என்பது அதுதான்.

அத்தனிமையை அவர் எப்படித் தாங்கினார்? என் ஊகத்தை ஊகமாகவே வைக்கிறேன். நான் கிறிஸ்தவன் அல்லன். சிவன் கோயில் மணியோசையில் வளர்ந்தவன். ஆயினும் தமிழ் விவிலியத்தில் வரும் உக்கிராணக்காரன் என்ற சொல் என்னை நெடுநாளாகக் கவர்ந்தது. செல்வம் அவனுடையது அன்று. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டுமே அவனுடையது. ஒரு நாள் கணக்கை ஒப்புவித்தாக வேண்டும். எனக்கு மேல் ஒருவரும் இல்லை என்று எண்ணும் முதலாளிக்கும், நான் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன் என்று நம்பும் முதலாளிக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. முன்னவருக்குத் தோல்வி என்பது தன்னையே இழப்பது. பின்னவருக்கோ அது கணக்கேட்டில் எழுத வேண்டிய இன்னொரு வரி. வலிக்கத்தான் செய்யும், ஆனால் அதைச் சொல்வதற்கு ஓர் இடம் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கிறிஸ்தவர்க்கு ஞாயிறு என்பது பேரேட்டை மூடிவைக்கும் நாள். வழிபாட்டில் மண்டியிடும்போது ஆலை முதலாளியும் கணக்கரும் ஒரே தரையில்தான் இருக்கிறார்கள். வாரத்தில் சில மணி நேரமேனும் முதலாளி என்ற வேடத்தைக் கழற்றி வைக்க முடிவது சிறிய பேறு அன்று.

எனினும் இறைநம்பிக்கை இருந்தால் தனிமை தானே நீங்கும் என்று சொல்லிவிட இயலாது. கெத்செமனே தோட்டத்து நிகழ்ச்சியை அறிந்தோர் இதை உணர்வர். இறைவனிடம் மன்றாடச் சென்ற இயேசு, நண்பர் மூவரையும் உடன் அழைத்துச் சென்று விழித்திருக்கக் கேட்டார். அவர்கள் உறங்கிவிட்டார்கள். வேண்டுதல் இருந்தும் மனிதத் துணையை அவர் நாடினார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடவுளிடம் சொல்லிவிட்டேன், அது போதும் என்று வீட்டாரிடம் மறைப்பது பக்தியின் பெயரால் வரும் பிடிவாதமாகவும் ஆகலாம். என் நண்பரும் வெள்ளிக்கிழமை தவறாது மருதமலை ஏறியவர்தான். உறங்கிப்போன தோழர் வரிசையில் நானும் இருந்தேன்.

ஸ்டேன்ஸுக்கு 1920இல் சர் பட்டம் வந்தது. 1922இல், எண்பது வயதைக் கடந்த நிலையில், நீலகிரியில் ஐக்கிய தேயிலைத் தோட்ட நிறுவனம் உருவாகக் காரணமானார். 1936இல் காலமானார். ஏறத்தாழ எண்பது ஆண்டுக் காலத் தொழில் வாழ்வு. காப்பி தளர்ந்தபோது நூல், பின்னர் தேயிலை என அவர் முயற்சிகள் மாறிக்கொண்டே இருந்தன. தொடக்கத்தில் ஊன்றிய பள்ளி மட்டும் எல்லாப் பருவங்களையும் தாண்டி நின்றது. ஆலையில் அவர் ஆணையிடுபவர், பள்ளியிலோ கொடுப்பவர். பிள்ளைகளுக்கு இலண்டன் விலை நிலவரம் தெரியாது. அவர்கள் நடுவில் அவர் இளைப்பாறியிருக்க வேண்டும்.

இன்றைய கொங்கு மண்டலம் சிறுதொழில்களின் மண்டலம். பம்புசெட், வார்ப்படம், பின்னலாடை, விசைத்தறி எனத் தெருவுக்கு ஒரு முதலாளி இருக்கிறார். அவர்களில் பலர் நேற்றுவரை தொழிலாளியாக நின்று, இயந்திரத்தோடு பழகி மேலே வந்தவர்கள். பழைய தோழர்களோடு முன்போல் பேச இயலாது. பெரிய முதலாளிகளோடு இன்னும் பேச இயலாது. கடன் இருப்பது வெளியே தெரிந்தால் பஞ்சு வியாபாரி முன்பணம் கேட்பார், வங்கி கையை இழுத்துக்கொள்ளும் என்ற அச்சம் வேறு. ஆகவே மறைப்பது அவர்களுக்கு ஒரு தொழில் தந்திரமாகவே ஆகிவிடுகிறது. தொழிற்சங்கங்களும் தொழில் அமைப்புகளும் வரிக்கும் மின்கட்டணத்துக்கும் கூடிப் பேசுகின்றன. உறுப்பினர் ஒருவர் வெளியே பரவாது என்ற உறுதியோடு தம் நிலையைத் திறந்து சொல்ல மூத்தோர் இருவரை அவை அமர்த்தினால், அதற்குச் செலவு எதுவும் ஆகாது.

நண்பரின் மகன் இப்போது பட்டறையைப் பார்த்துக்கொள்கிறான். கடனில் ஒரு பகுதி அடைந்துவிட்டது, பெரும்பகுதி மீதமிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தந்தை அமர்ந்த அதே திண்ணையில் வந்து அமர்கிறான். முதல் நாளே அவனிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். வரும்போது கணக்கேட்டையும் கொண்டுவருகிறான். காப்பி ஆறுவதற்குள் இருவரும் அதைப் பிரித்துவிடுகிறோம்.