ரேடியோ பூட்டிய வயலின் பிரியர்

நியூயார்க் நகரத்தின் பெரிய இசை மண்டபம் ஒன்று சுமார் 40 ஆண்டுகள் ஆவரி பிஷர் பெயரில் விளங்கியது.

1906-ல் புரூக்ளினில் பிறந்த பிஷருக்கு வயலின் என்றால் உயிர். பிழைப்புக்கோ, பதிப்பகத்தில் புத்தகங்களை வடிவமைக்கும் வேலை. நேரில் கச்சேரி கேட்பது போல ஒலிக்கும் ரேடியோ வேண்டுமென்று ஆசைப்பட்டு, பாகங்களை வைத்துத் தாமே பூட்டினார். கேட்ட நண்பர்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். 1937-ல் பொழுதுபோக்கு தொழிலாயிற்று. 1945-ல் பிஷர் ரேடியோ பிறந்தது. 1969-ல் கம்பெனியை விற்றபோது கிடைத்தது சுமார் 3 கோடி டாலர்!

1973-ல் அதில் 1 கோடியே 5 லட்சம் டாலரை அந்த மண்டபத்துக்குக் கொடுத்தார். 1962-ல் திறந்த நாள் முதல் அங்கே ஒலி சரியில்லை. கீழ்ஸ்தாயி எடுபடவில்லை, மேடையில் ஒருவர் வாசிப்பது அடுத்தவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. உலகத்தின் சிறந்த வித்துவான்கள் வாசித்தும் இந்தக் கதி! வீட்டில் ஒலிபெருக்கியை மாற்றி மாற்றிப் பார்க்கிறவர்கள் சுவரைப் பார்ப்பதில்லை. அறையும் ஒரு வாத்தியந்தானே?

1976-ல் மண்டபத்தின் உட்புறத்தை அடியோடு இடித்துக் கட்டினார்கள். ஒலி தேறியது, குறை முழுவதும் தீரவில்லை.

பிஷர் 1994-ல் காலமானார். மண்டபத்தை மீண்டும் புதுப்பிக்கப் பணம் தேவைப்பட்டது. 2015-ல், அவர் குடும்பத்துக்கு 1½ கோடி டாலர் கொடுத்துப் பெயரை எடுத்துவிட்டார்கள். பழைய பிஷர் ரேடியோக்களைத் தேடிப் பிடித்து, வால்வு மாற்றிப் பாட வைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.