சாயம் தோய்ந்த விரல்கள்

கடந்த வருடம் நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவு என் தம்பிக்குத் தொய்வு கடுமையாகிவிட்டது. நீலப் பம்பை இரண்டு முறை அடித்தும் இழுப்பு நிற்கவில்லை. வாப்பா அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மறுநாள் கிடைத்த இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஒரு சொல்லின் கீழ் வைத்தியர் கோடிட்டிருந்தார்: இயோசினோபில், 11 வீதம். வழமையாக அது 6 வீதத்துக்குள் இருக்க வேண்டுமாம். உம்மா என் முகத்தைப் பார்த்தார். உயிரியல் படிக்கிற பிள்ளையல்லவா! பாடத்தில் மனனம் செய்த பெயர்தான். ஆனால் அது தம்பியின் நெஞ்சுக்குள் என்ன செய்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதைத் தேடிப் போன இடத்தில்தான் போல் ஏர்லிக்கை அறிந்துகொண்டேன்.

அவர் 1854 இல், இன்று போலந்துக்குள் இருக்கும் ஸ்ட்ரேலன் என்ற சிற்றூரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தாயின் உறவினரான கார்ல் வைகர்ட், இழையங்களுக்குச் சாயமூட்டும் வித்தையை அவருக்குப் பழக்கினார். ஜேர்மனியில் துணிகளுக்கான அனிலீன் சாயங்கள் புதிது புதிதாக வந்துகொண்டிருந்த காலம் அது. மருத்துவ மாணவரான ஏர்லிக்கின் மேசையும் விரல்களும் எப்போதும் வண்ணக் கறையாகவே இருக்குமாம். ஒரே சாயத்தை ஊற்றினாலும் ஒரு கலம் அதை உறிஞ்சிக்கொள்கிறது, பக்கத்துக் கலம் மறுத்துவிடுகிறது. ஏன்? இந்தக் கேள்விதான் அவரைக் கடைசிவரை இழுத்துச் சென்றது.

1878 இல் எழுதிய பட்ட ஆய்வில், சிறுமணிகள் நிறைந்த ஒரு கலத்தை விவரித்தார். நன்றாக உண்டு கொழுத்த கலம் என்று எண்ணி, அந்தப் பொருள்பட மாஸ்ட் கலம் என்று பெயர் வைத்தார். அந்த எண்ணம் பிழை. (பெரியவர்களும் பிழை விடுவார்கள் என்பது பரீட்சை எழுதப்போகும் எனக்குச் சிறிய ஆறுதல்!) அடுத்த வருடம், இயோசின் என்ற சிவப்புச் சாயத்தை விரும்பி ஏற்கும் மணிகளைக் கொண்ட வெண்குருதிக் கலத்தைக் கண்டார். அதுதான் தம்பியின் அறிக்கையில் கோடிடப்பட்ட பெயர்.

இவ்விரண்டும் சுவாசக் குழாயில் செய்வது பின்னாளில்தான் தெரியவந்தது. தூசு உள்ளே போனதும் மாஸ்ட் கலங்களின் மணிகளிலிருந்து ஹிஸ்டமின் முதலியவை கொட்டுகின்றன; சில நிமிடங்களில் குழாய்த் தசை இறுகுகிறது. சில மணித்தியாலங்களின் பின் இயோசினோபில்கள் வந்து சேர்கின்றன. புழுக்களைக் கொல்லவல்ல அவற்றின் நச்சுப் புரதங்கள் குழாயின் உட்சுவரையே புண்ணாக்குகின்றன. வீக்கமும் சளியும் அதனால்தான்.

ஏர்லிக்கின் சொந்த நுரையீரலும் அவரைச் சோதித்தது. 1882 இல் பேர்லினில் ரொபர்ட் கொக் காசநோய்க் கிருமியை அறிவித்த சபையில் இவரும் இருந்தார். உடனே அக்கிருமிக்கு இன்னும் நல்ல சாயமுறை ஒன்றை உருவாக்கினார். சில வருடங்களில் தன் சளியிலேயே அதே கிருமியைக் கண்டார். 1888 இல் மனைவி ஹெட்விக்குடன் எகிப்தின் உலர்ந்த காற்றைத் தேடிப் போய், சுகமாகித் திரும்பினார்.

1908 இல் நோபல் பரிசு அவருக்கும் மெச்னிகோவுக்கும் பகிர்ந்து கிடைத்தது. உடலைக் காப்பவை கலங்கள் என்றார் மெச்னிகோவ். குருதித் திரவத்திலுள்ள பிறபொருளெதிரிகள் என்பது ஏர்லிக்கின் பக்கம். கலங்களுக்குப் பெயர் சூட்டியவரே மறுபக்கம் நின்றது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இருவருமே சரி என்று இன்று படிக்கிறோம். 1910 இல் சிபிலிஸ் நோய்க்கு அவர் தந்த சல்வர்சான் மருந்தால் உலகப் புகழ் வந்தது. 1915 ஓகஸ்ட் 20 இல் காலமானார். யூதர் என்பதால் பின்னர் நாஜிகள் அவரது பெயரைத் தெருப் பலகையிலிருந்துகூட அகற்றினார்கள்.

அவர் மறைந்து நூறு வருடம் கழித்து, 2015 இல், இயோசினோபில்களைக் குறைத்துக் கடுமையான தொய்வைத் தணிக்கும் ஊசி மருந்தொன்று அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

தம்பிக்கு அந்த ஊசி தேவைப்படவில்லை. வைத்தியர் தந்த மண்ணிறப் பம்பு அழற்சியைத் தணிப்பது. இழுப்பு இல்லாத நாளிலும் அடிக்க வேண்டும். பிள்ளை நன்றாக விளையாடுகிறானே என்று உம்மா அதை நிறுத்திவிடுவார். இழுப்பு இல்லாதபோதும் அந்தக் கலங்கள் குழாய்க்குள் இருக்கலாம் என்று ஒரு கடதாசியில் சிவப்புப் பேனையால் மணிகள் வரைந்து அவருக்குக் காட்டினேன். அந்தக் கடதாசி இப்போது எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. பக்கத்தில், பம்பு அடித்த நாட்களுக்குத் தம்பி போடும் சரிகள்.